இன்னொரு புதுவை

புதுவை என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பாண்டிச்சேரிதான். கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர்கள், பிரெஞ்சில் எழுதிய தெருப் பலகைகள். 1954 வரை பிரெஞ்சிந்தியாவின் தலைநகரமாக இருந்த ஊர். ஆனால் எனக்கு அந்தப் பெயர் முதலில் அறிமுகமானது வேறோர் ஊரின் பெயராக. ராஜபாளையத்தில் மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் திருப்பாவை போடுவார்கள். கடைசிப் பாட்டில் புதுவை என்று வரும். பாண்டிச்சேரிக்கும் ஆண்டாளுக்கும் என்ன சம்பந்தம் என்று பாட்டியிடம் கேட்டேன். "பாண்டிச்சேரி எங்கிட்டுக் கெடக்கு? இது நம்ம வில்லிபுத்தூரு தாயி" என்றார்.

புதுவை என்பது ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய சுருக்கப் பெயர். ஆண்டாளும் அவள் தந்தை பெரியாழ்வாரும் தங்கள் பாடல்களில் ஊரை அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் புதுவையைக் கவர்னர்கள் ஆண்டார்கள். எங்கள் பக்கத்துப் புதுவையில் 'ஆண்டாள்' என்றே ஒரு பெண்ணுக்குப் பெயர். இவ்வளவு பெரிய பெயரை ஒரு பெண்ணுக்குக் கொடுத்த ஊர், தன் மற்றப் பெண்களை எங்கே வைத்தது என்பதுதான் என் கேள்வி. பள்ளியில் எங்கள் ஊர் வரலாறு என்று படித்தது மன்னர்கள், ஆலைகள், கோபுர உயரம். அதே வரலாற்றைப் பெண்கள் வழியே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

மல்லியின் நாடு

தலபுராணம் ஓர் அரசியிலிருந்து தொடங்குகிறது. மல்லி என்ற வேடர்குல அரசி இந்தப் பகுதியை ஆண்டாள். அவளுக்கு இரண்டு மகன்கள், வில்லி, கண்டன். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி கொன்றுவிட்டது. தம்பியைத் தேடி அலைந்து களைத்து உறங்கிய வில்லியின் கனவில் திருமால் தோன்றி, தனக்குக் கோயில் கட்டச் சொன்னார். வில்லி காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் எழுப்பினான். வில்லியின் ஊர் வில்லிபுத்தூர் ஆயிற்று.

கதையைக் கவனித்தால், நாடு தாயுடையது, ஊர் மகனுடைய பெயரில். மகனை இழந்தவள் மல்லி. ஆனால் கதை அவளுடைய துக்கத்தைச் சொல்லாமல் நேரே கோயில் கட்டும் வேலைக்குப் போய்விடுகிறது. அவள் பெயர் மல்லி நாடு என்ற பழைய பெயரிலும், சிவகாசி போகும் வழியில் இருக்கும் மல்லி என்ற கிராமத்திலும் தங்கியிருக்கிறது. பேருந்தில் நடத்துநர் அந்த நிறுத்தத்தைக் கூவும்போது, அது ஓர் அரசியின் பெயர் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. அங்கே பளியர் பழங்குடியினர் வாழ்கிறார்கள். சுற்றியுள்ள காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஊரின் தொடக்கமே ஒரு வேடர்குலப் பெண்தான் என்று புராணத்தில் பெருமையோடு சொல்கிறோம். இன்று தேனும் கிழங்கும் எடுக்க அந்தக் காட்டுக்குள் போகும் பெண் விதிமுறைகளுக்கு நடுவே வழி பார்த்துப் போக வேண்டியிருக்கிறது.

கண்ணாடிக் கிணறு

கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று ஒன்று உண்டு. பெருமாளுக்குக் கட்டிவைத்த மாலையைக் கோதை தன் கழுத்தில் போட்டு, இந்தக் கிணற்றுத் தண்ணீரில் பார்த்துக்கொண்டாள் என்பது ஐதீகம். பாட்டி என்னைத் தூக்கிப் பிடித்து அதைக் காட்டினார். "நல்லாப் பாத்துக்க. அவ மொகம் தெரிஞ்ச எடம்." கூட வந்த பெண்கள் எல்லோரும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

இந்தக் கதையை நமக்குப் பக்திக் கதையாகவே சொல்கிறார்கள். நான் அதில் முதலில் பார்ப்பது தன்னைத் தானே பார்த்துக்கொண்ட ஒரு சிறுமியை. கண்ணாடி முன் நிற்கும் பெண்ணைத் திட்டாத வீடு நம் ஊர்களில் குறைவு. பெரியாழ்வாரும் முதலில் கோபித்துக்கொண்டார் என்றுதான் கதை. சூடிய மாலையே வேண்டும் என்று கடவுள் சொன்ன பிறகுதான் அந்தச் செயல் குற்றம் என்பதிலிருந்து பெருமை ஆனது. இன்றும் அவள் சூடிய மாலை சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை அழகருக்கும், பிரம்மோற்சவக் கருடசேவைக்குத் திருப்பதிக்கும் போகிறது. அழகர் வைகையில் இறங்கும்போது கழுத்தில் கிடப்பது ஒரு பெண் போட்டுக் கழற்றிய மாலை. தலைநகரங்கள் ஆணை அனுப்பும். இந்த ஊர் மாலை அனுப்புகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய 'ஆமுக்தமால்யத' இந்த மாலையின் கதைதான். விஜயநகரப் பேரரசர் ஒருவர் காவியம் எழுத உட்கார்ந்தபோது, பாண்டிய நாட்டின் ஒரு மூலையில் துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட பெண்ணையும் அவளை வளர்த்தவரையும் எடுத்துக்கொண்டார். ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து ராஜபாளையத்தில் குடியேறிய ராஜுக்களின் வீடுகளில் இன்னும் தெலுங்கு பேசுகிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் இரண்டு மொழிகளுக்கும் பொதுவானவள் அவள்.

பன்னிரு ஆழ்வார்களில் அவள் ஒருத்திதான் பெண். திருப்பாவை 30 பாசுரம், நாச்சியார் திருமொழி 143 பாசுரம். முப்பதை ஊரே பாடுகிறது. நூற்று நாற்பத்து மூன்றில் திருமணக் கனவைச் சொல்லும் பகுதி மட்டும் வைணவக் கல்யாணங்களில் ஒலிக்கிறது. மன்மதனிடம் மன்றாடுவதும், தன் உடலைத் தன் வாயால் பேசுவதும், மானிடனுக்கு என்று என்னைப் பேசினால் வாழமாட்டேன் என்பதுமான பாடல்களை ஒலிபெருக்கியில் நான் கேட்டதே இல்லை. கல்லூரியில் நூலகத்தில்தான் முதன்முதலாகப் படித்தேன். படித்துவிட்டுப் பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோதும், அதையொட்டிச் சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் எழுத்தின்மேலும் ஆபாசம் என்ற குற்றச்சாட்டு பாய்ந்தபோதும் எனக்கு அந்த நூலக மேசைதான் நினைவுக்கு வந்தது. பல நூற்றாண்டு தள்ளி நின்றால் கும்பிடுவார்கள், நம் காலத்தில் எழுதினால் ஏசுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான பதிகங்களின் முடிவில் அவள் தான் யார் என்று சொல்லிவிடுகிறாள். பட்டர்பிரானின் கோதை, வில்லிபுத்தூர்க்காரி. இது ஒரு கையெழுத்து. கணவன் பெயரில் இல்லை. தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்த கையெழுத்து. தாயின் பெயர் அதில் கிடையாது, கதையில் தாயே கிடையாது. அந்தக் குறையோடு சேர்த்தேதான் அதை நான் வாசிக்கிறேன். என் பாட்டி ஆலையில் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவர். சம்பளப் பதிவேட்டில் கடைசி வரை கைநாட்டுத்தான் வைத்தார்.

அரண்மனையும் நீதிமன்றமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் எந்த அரசுக்கும் முதல் தலைநகரமாக இருந்ததில்லை. ஆனால் தலைநகரச் சாயல் அதற்கு உண்டு. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்கு இங்கேயும் ஓர் அரண்மனை இருந்தது. இந்த ஊர்க் கோயிலில் பூசை முடிந்த மணியோசை மண்டபம் மண்டபமாகக் கடந்து மதுரைக்கு எட்டிய பிறகுதான் அவர் சாப்பிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். நாயக்கர் வரலாறு என்றால் எங்களுக்குச் சொல்லப்பட்டது அவர் கதைதான். பேரனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சியை நடத்திய ராணி மங்கம்மாளைத் தெற்கத்தி மக்கள் சாலையாகவும் சத்திரமாகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மன்னர் அரண்மனையில் நினைக்கப்படுகிறார், ராணி மங்கம்மாள் நடந்து போகிறவர்களின் வழியில்.

வடபத்ரசாயி கோயிலின் கோபுரம் 11 நிலை, 192 அடி. தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மதுரை மேலக் கோபுரம்தான் அது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எது ஆனாலும் ஒரு சிறிய ஊருக்கு அரசாங்கத்தின் ஒவ்வொரு காகிதத்திலும் தன்னைப் பார்க்கும் நம்பிக்கை இருப்பது சாதாரணமல்ல.

நிர்வாக வரைபடத்தில் இந்த ஊர் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் திருநெல்வேலி மாவட்டம். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1985இல் அந்த மாவட்டம் பிரிந்தபோது தலைமையிடம் விருதுநகருக்குப் போயிற்று. ஆனால் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கலெக்டரைப் பார்க்க விருதுநகர், நீதிபதியைப் பார்க்க வில்லிபுத்தூர்.

மகளிர் நீதிமன்றமும் இங்கேதான். மாவட்டத்தின் கிழக்குக் கோடியிலிருந்துகூடப் பெண்கள் வாய்தாவுக்கு வருகிறார்கள். வரதட்சணை, பாலியல் வன்முறை, கொலை. நீதிமன்றத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு வரும் வழியில் பால்கோவாக் கடைகள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து, விறகடுப்பில் கைவிடாமல் கிளறி எடுப்பது. ஒருநாள் ஒரு தாயும் மகளும் கடை வாசலில் நின்றார்கள். தாயின் கையில் வழக்குக் கட்டு. "அடுத்த மாசந்தான் போட்டுருக்காங்க" என்று யாரிடமோ போனில் சொல்லிவிட்டு, கால் கிலோ வாங்கினார். மகள் வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமலே பேருந்தில் ஏறினாள். கோபுரத்தைக் கும்பிட வருகிறவர்களைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த ஊருக்கு நீதி கேட்டு வரும் பெண்களும் யாத்திரை வருகிறவர்கள்தான்.

ஒரு சொல்

2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் தினமணி நடத்திய நிகழ்ச்சியில் கவிஞர் வைரமுத்து 'தமிழை ஆண்டாள்' என்ற கட்டுரையை வாசித்தார். ஆண்டாளைத் தேவதாசி மரபோடு இணைத்துப் பேசும் ஓர் ஆய்வுக் குறிப்பை அதில் மேற்கோளாகச் சொன்னார். மாநிலமே கொந்தளித்தது. கவிஞர் வருத்தம் தெரிவித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். வழக்குகள் போடப்பட்டன. பேசியவர், எதிர்த்தவர், ஆதரித்தவர் என்று மேடையில் தெரிந்த முகங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆண்கள். வசை கவிஞரின் தாய் வரைக்கும் போனது. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பதற்கு இன்னொரு பெண்ணின் மானம் கைக்கு வந்த கல்லாயிற்று.

அந்தக் குறிப்புக்கு ஆதாரம் வலுவா இல்லையா என்பது ஆய்வாளர்கள் பேச வேண்டியது. எனக்கு உறுத்தியது வேறு. 'தாசி' என்பது அவமானம் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. வைணவத்தில் ஓர் ஆண் தன்னை 'அடியேன் ராமானுஜ தாசன்' என்று அறிமுகம் செய்துகொள்வது பெருமை. அதே சொல் பெண்பாலில் தெருச் சண்டையின் வசை. விகுதி ஒன்றுதான் மாறுகிறது. அதற்குள் கோயிலிலிருந்து தெருவுக்கு இறங்கிவிடுகிறது சொல்.

கோயில் பெண்களை வரலாறு எப்போதும் இப்படிப் பார்க்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்த வீட்டில் இருந்தார்கள் என்பது வரை கல்லில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாகவும் வருகிறார்கள். பின்னாளில் அந்த வாழ்க்கை சுரண்டலாக இறுகியது. முத்துலட்சுமி ரெட்டியும், அந்தக் குலத்தின் வாழ்வை உள்ளிருந்து அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒழிக்க வேண்டிய வழக்கம்தான், ஐயமில்லை. ஆனால் வழக்கத்தோடு சேர்ந்து அந்தப் பெண்களின் பெயர்களும் கலையும் பேசக் கூடாதவை ஆகிவிட்டன. 2018இல் ஆண்டாளுக்காகத் தெருவில் நின்றவர்களில் ஒருவராவது, 'தாசி என்றால்தான் என்ன, அவர்களும் நம் பாட்டிகள்தானே' என்று கேட்டிருந்தால் அந்தக் கிளர்ச்சியை நான் வேறு மாதிரி நினைவு வைத்திருப்பேன்.

பதினொரு கிலோமீட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 11 கி.மீ. 2011 கணக்கெடுப்பில் வில்லிபுத்தூரின் மக்கள்தொகை 75,000க்குச் சற்று மேல், ராஜபாளையத்தில் 1,30,000க்கு மேல். ஒன்று கோயிலால் ஆன ஊர், மற்றொன்று பஞ்சால் ஆன ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சியின் தலைவராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். நாய்க்கும்கூட இந்த ஊரின் பெயரில் ஓர் இனம் உண்டு. இவையெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் கிடைக்கும்.

கிடைக்காதவை சில. சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நம் காயத்தின்மேல் படும் மெல்லிய வலைத்துணி இந்தப் பக்கம் நெய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுற்றுவது, மடிப்பது, வெட்டி அடுக்குவது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி பக்கம் போனால் நைட்டி. வீட்டுக்கு வீடு தையல் மெஷின் சத்தம். என் சித்தி முப்பது வருடமாக நைட்டி தைக்கிறார். கட்டிங் ஒருவர், ஓவர்லாக் ஒருவர், சித்திக்குக் கழுத்தும் கையும் இணைக்கும் வேலை. பீஸ் கணக்கில் கூலி.

நைட்டியைக் கேலி செய்யாத பட்டிமன்றம் இல்லை. ஆனால் புடவையின் ஐந்தரை மீட்டரிலிருந்து பெண்ணை அடுப்படியில் கொஞ்சம் மூச்சுவிட வைத்த உடை அது. அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வரும்போது மேலே ஒரு துண்டு போட வேண்டும் என்பதையும் நாமே கண்டுபிடித்துக்கொண்டோம். "ஊரு பூரா பொம்பளைங்களுக்குத் தச்சுக் குடுத்துட்டேன். எனக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்க மனசு வரல, கணக்குல ஒரு பீஸ் கொறையுமே" என்பார் சித்தி. தன் மாலையைத் தானே போட்டுப் பார்த்தவளின் ஊருக்குப் பக்கத்தில், தான் தைத்ததைத் தான் போட்டுப் பார்க்காத ஒருத்தி.

தொண்ணூறுகளுக்குப் பிறகு தமிழக நூற்பாலைகள் பலவற்றில் கல்யாணமாகாத கிராமத்துப் பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்று வருட ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்தார்கள். முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது வரதட்சணைக்கு ஆகும் என்று வீட்டில் சொல்லப்பட்டது. அதற்கு மக்கள் வாயில் வந்த பெயர் சுமங்கலித் திட்டம். வெளியே போக அனுமதி கேட்க வேண்டும், இடையில் நின்றால் தொகை கிடைக்காது. ஆண்டாளின் திருமணக் கனவு அவளே கண்ட கனவு. இந்தப் பெண்களின் திருமணக் கனவை வேறு யாரோ கணக்குப் போட்டு எழுதிவைத்தார்கள்.

ஆடிப்பூரத்தன்று

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் பாட்டி என்னை அழைத்துப் போனது ஆலைக்கு லீவு போட்டுத்தான். அன்றைக்குச் சம்பளம் கிடையாது. தேர் அசையும்போது கூட்டத்தில் பெண்கள் எழுப்பிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஆண்டாளின் இடக்கையில் இலைகளாலும் பூக்களாலும் செய்த கிளி, அதற்கு மாதுளம்பூ மூக்கு. அந்தக் கிளியை ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்கிறார்கள். நேற்றைய கிளி இன்று உதவாது.

பாட்டிக்குத் திருப்பாவையில் ஒரு வரிகூட முழுதாகத் தெரியாது. நாச்சியார் திருமொழி என்ற பெயரே தெரியாது. ஆனால் ஊரைப் பற்றி அவருக்கு ஒரு தெளிவு இருந்தது. தேர் நிலைக்கு வந்த பிறகு பேருந்துக்கு நின்றபோது, இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டின ராஜா யார் என்று கேட்டேன். பாட்டி கொஞ்சம் யோசித்தார். "கட்டுனவன் எவனோ. ஊரு அவ ஊரு" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் பாட்டியின் பெயரை எழுதவில்லை. சித்தியின் பெயரையும் எழுதவில்லை. எழுதட்டுமா என்று சித்தியிடம் கேட்டேன். சிரித்தார், தலையை ஆட்டவில்லை. ஊருக்குள் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பயம் அவருக்கு இன்னும் இருக்கிறது. பாட்டின் முடிவில் தன் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதிய ஒருத்தியைப் பல நூற்றாண்டுகளாகக் கும்பிடும் ஊரில் அந்தப் பயம் இன்னும் மிச்சமிருக்கிறது. அடுத்த முறை போகும்போது மறுபடியும் கேட்பேன்.